இடமில்லை என்று நான் சொன்ன ஞாயிற்றுக்கிழமைகள்

தம்பி,

போன வாரம் நீ அனுப்பிய படத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. பெர்த்தில் நீயும் மருமகளும் வாங்கிய வீட்டு வாசலில், ஆளுக்கொரு சாவியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். நீ கொஞ்சம் இளைத்திருக்கிறாய். படத்துக்குக் கீழே, "அம்மா, அந்தப் பழைய கம்ப்யூட்டர தூக்கிப் போட்டுடுங்க. அடுத்த தடவ வரும்போது புதுசு வாங்கித் தரேன். இனிமே டிஸ்க் ஃபுல், டிஸ்க் ஃபுல்னு நீங்க கஷ்டப்பட வேணாம்" என்று எழுதியிருந்தாய். நான் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலுக்குப் போட்டேன். போட்ட கையோடு மனது உறுத்த ஆரம்பித்துவிட்டது. அந்தக் கணினியைப் பற்றி உன்னிடம் நான் சொல்லாத விஷயங்கள் இருக்கின்றன. சொன்னவற்றில் சில பொய்கள். வாட்ஸப்பில் துண்டு துண்டாகச் சொல்லும் விஷயம் இல்லை என்பதால், அதே கணினி முன்னால் உட்கார்ந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

அது வீட்டுக்கு வந்த கதை உனக்குத் தெரியும். ஆனாலும் என் பக்கத்திலிருந்து ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். புலாவ் செபாங் பக்கத்து ரப்பர் தோட்ட ஆபீசில் நான் முதலில் டைப்பிஸ்ட், பிறகு கணக்கும் பதிவும் எழுதுகிற கிராணி. இருபத்தாறு வருஷம். தோட்டத்தை வீடு கட்ட விற்றபோது, ஆபீஸ் சாவியை வாங்க வந்த ஆள் அலமாரியில் இருந்த பழைய பதிவுப் புத்தகங்களைக் காட்டி, "இதெல்லாம் எரிச்சிடுங்க" என்றான். எந்த லயத்து வரிசை வீட்டில் யார் குடியிருந்தார்கள், ஆயாக் கொட்டகையில் எந்தத் தாய் எந்தப் பிள்ளையை விட்டுவிட்டுப் பால் வெட்டப் போனாள் என்றெல்லாம் எழுதிய புத்தகங்கள். எனக்கு மனசு வரவில்லை. உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் காரணம் கேட்கவில்லை. லோரியைக் கொண்டுவந்து, புத்தகங்களை ஆறு சாக்கில் கட்டி, அலோர் காஜாவில் நம் வீட்டுப் பின்னறையில் இறக்கிவிட்டுக் கைகழுவப் போய்விட்டார். அவர் சுபாவம் அது.

பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டவர்கள் தோட்டத்தில் எத்தனையோ பேர். பெற்றவர்கள் இறந்து, லயமும் இடிந்த பிறகு, இந்த நாட்டில்தான் பிறந்தேன் என்று காட்ட அவர்களுக்கு ஒரு துண்டுக் காகிதம் வேண்டும். ஒருவருக்குத் தேடிக் கொடுத்தேன். அவர் இன்னொருவரை அனுப்பினார். அப்படித்தான் ஆரம்பித்தது. ஆபீசில் பெயர்களைப் பதிந்து வைத்த பழைய புரோகிராம் என்னிடம் சிடியில் இருந்தது. அது புதுக் கணினியில் ஓட மறுத்தது. அப்பா காரியம் முடிந்து, நீ பெர்த்துக்குப் புறப்பட ஒரு மாதம் இருந்தபோது, கணினிக்குள்ளேயே இன்னொரு பழைய கணினியை உண்டாக்கிக் கொடுத்தாய். "விர்ச்சுவல் மெஷின்மா. உள்ள பாத்தா முழு கம்ப்யூட்டர். வெளிய பாத்தா ஒரே ஒரு பெரிய ஃபைல்தான்" என்றாய். புறப்படுவதற்கு முந்திய நாள் அதில் ஏதோ அழுத்திவிட்டு, "ஸ்னாப்ஷாட் எடுத்து வச்சிருக்கேன். நீங்க எதையாச்சும் கெடுத்துட்டா இன்னைய நிலைமைக்குத் திரும்பி வந்துடலாம்" என்றும் சொன்னாய். நான் தலையாட்டினேன். பாதிதான் புரிந்தது. உன் பெட்டியில் ஊறுகாய் பாட்டில் உடையாமல் இருக்க வேண்டுமே என்ற கவலைதான் அப்போது எனக்கு.

நீ போனபின் எனக்குத் துணை அந்த வேலைதான். பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, படங்களை உள்ளே இருக்கும் கணினியில் போட்டு, பார்த்துப் பார்த்துத் தட்டுவேன். தட்டி முடித்ததும் படத்தை அழித்துவிடுவேன். காலையில் உட்கார்ந்தால் மத்தியானம் வரை ஓடும். அப்புறம் சோறு. அப்புறம் பேச ஆளில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா வேலி ஓரம் வந்து "சுடா மக்கான்?" என்று, சாப்பிட்டாயா என்று, கேட்பார். "சுடா" என்பேன். சில நாள் நான் வாய் திறந்து பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

எட்டு மாதம் கழித்து டிஸ்க் நிரம்பிவிட்டது என்று திரையில் சிவப்புக்கோடு வந்தது. உண்மையாகவே வந்த கோடு அது. படங்களையெல்லாம் அழித்துவிட்டேனே, எப்படி நிரம்பும் என்று பயந்துபோய் உன்னைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை. நீ அங்கிருந்தே இந்தக் கணினிக்குள் வந்தாய். மௌஸ் அம்பு தானாக நகர்ந்தது. நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "உள்ள இருக்கிற டிஸ்க் ஃபைல் வளரத்தான் வளரும்மா. நீங்க உள்ள அழிச்சாலும் வெளிய தானா சுருங்காது. காலி இடத்துல பூரா சைபர நிரப்பிட்டு, அப்புறம் வெளியேருந்து சுருக்கணும்" என்று பொறுமையாகச் சொன்னாய். அது முடிய இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரமும் நாம் பேசினோம். உன் மேலதிகாரி டீ போடத் தெரியாமல் போடுவது, பஸ்ஸில் ஒரு கிழவர் உன்னிடம் மலேசியாவைப் பற்றிக் கேட்டது, நீ முதல் தடவை ரசம் வைத்தது. நீ போனபிறகு நாம் அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான். பெர்த்துக்கும் இங்கேயும் ஒரே மணி. நேர வித்தியாசம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லாமல் இருந்தது, தம்பி.

இனி சொல்வதுதான் நான் மறைத்தது. அன்று நீ செய்ததையெல்லாம் ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்தேன். அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை, தனியாக நானே செய்து பார்த்தேன். சரியாக வந்தது. கோப்பு பாதியாகச் சுருங்கியது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஓடிப்போய் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. போனைக் கையில் எடுத்த பிறகுதான், இதைச் சொல்லிவிட்டால் இனி ஞாயிற்றுக்கிழமை நீ வர வேண்டிய வேலையே இருக்காதே என்று தோன்றியது. போனைக் கீழே வைத்துவிட்டேன். அதற்கப்புறம் நான் செய்ததைக் கேட்டால் சிரிப்பாய், அல்லது கோபப்படுவாய். உன் மாமா மகள் கல்யாண வீடியோ இருக்கிறதே, மூன்று மணி நேரம் ஓடுமே, அதை உள்ளே இருக்கும் கணினியில் நாலு வேறு பெயரில் போட்டேன். டிஸ்க் கோப்பு வீங்கும் வரை காத்திருந்து, நாலையும் அழித்தேன். பிறகு உன்னைக் கூப்பிட்டு, "தம்பி, மறுபடியும் இடமில்லைன்னு காட்டுதுப்பா. என்னன்னே தெரியல" என்றேன். நீ வந்தாய். அம்பு நகர்ந்தது. பேசினோம்.

ஒரு தடவை இல்லை. இரண்டு வருஷத்தில் எத்தனை தடவை என்று எண்ணிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நீ சலிக்காமல்தான் வந்தாய். ஆனால் கல்யாணமானதும் உனக்கும் வேலை கூடியது. பேச்சு குறைந்தது. சுருக்குகிற வேலையை ஓடவிட்டு, "நீங்க பாத்துக்கங்கம்மா, முடிஞ்சதும் மெசேஜ் போடுங்க" என்று வைத்துவிடுவாய். நான் திரையில் நகரும் அந்தப் பச்சைக்கோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். உன்னைக் குறை சொல்லவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் கள்ள வழியில் வாங்கினால் அப்படித்தான் கிடைக்கும்.

இப்போது லெட்சுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அலோர் காஜாவில் ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைக்கிறவள். நாற்பது தாண்டியவள். நம் தோட்டத்தில் மூன்றாவது லயத்தில் பிறந்தவள். அவள் பிறந்ததை யாரும் போய்ப் பதியவில்லை. குடியுரிமைக்கு இரண்டு தடவை மனுப் போட்டு, ஆதாரம் போதாது என்று இரண்டு தடவையும் திருப்பிவிட்டார்கள். மூன்றாவது தடவை நேரில் வரச் சொல்லி ஒரு வெள்ளிக்கிழமைக்கு நாள் கொடுத்திருந்தார்கள். ஆயாக் கொட்டகைப் புத்தகத்தில் அவள் பெயரும் தாய் பெயரும் இருந்ததை நானே பார்த்துத் தட்டியிருக்கிறேன். "வியாழக்கிழம வந்து வாங்கிக்க. அடிச்சு வைக்கிறேன்" என்றேன். "ஒங்களத்தான் நம்பியிருக்கேன் கிராணியம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

புதன்கிழமை காலை திறந்தேன். உள்ளே இருந்த கணினி பாதியில் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. வெளியே இருக்கும் கணினியின் டிஸ்கில் துளி இடமில்லை. காரணம் எனக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக நான் ஏற்கெனவே வீடியோக்களைப் போட்டு வீங்க வைத்திருந்தேன். அதன் மேல் விண்டோஸ் ஏதோ புதுப்பிப்பை வேறு இறக்கிக்கொண்டது. நோட்டில் எழுதியிருந்தபடி சுருக்கலாம் என்றால், அதற்கு முதலில் உள்ளே இருப்பது ஓட வேண்டும். அது ஓடவே இல்லை. உன்னைக் கூப்பிட்டேன். உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. "ம்மா, நான் மீட்டிங்ல இருக்கேன்லா. பழைய ஸ்னாப்ஷாட் ஒண்ணு கெடக்கு பாருங்க, அத டிலீட் பண்ணுங்க. எடம் கெடச்சிடும். சிம்பள்தான்" என்றாய். "அவசரம்பா" என்றேன். "எப்பவும் அவசரம்தானம்மா ஒங்களுக்கு" என்று சிரித்துக்கொண்டே வைத்தாய். நீ சிரித்ததில் தப்பில்லை. இரண்டு வருஷமாக நான் உனக்கு அப்படித்தான் பழக்கியிருந்தேன்.

நீ சொன்ன வழி சரிதான். விர்ச்சுவல் மெஷின் புரோகிராமின் பட்டியலில் போய் ஸ்னாப்ஷாட்டை நீக்கப் பார்த்தேன். பழைய நிலையையும் அதற்கப்புறம் சேர்ந்ததையும் ஒன்றாகச் சேர்க்க இடம் போதாது என்று மறுத்துவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். வேறு எதையாவது, அந்தக் கல்யாண வீடியோவின் மூலத்தையே அழித்திருந்தால்கூடப் போதும். பதற்றத்தில் தோன்றவில்லை. கோப்புகள் இருக்கும் இடத்துக்கு நேராகப் போனேன். 'தோட்டம்' என்று நீ பெயர் வைத்த பெரிய கோப்பு ஒன்று. ஸ்னாப்ஷாட் என்ற கோப்புறைக்குள் எண்ணும் எழுத்துமாக நீளப் பெயர் கொண்ட இன்னொரு பெரிய கோப்பு. பெயர் வைத்ததுதான் உண்மையானது, கோப்புறைக்குள் இருப்பது பழசு என்று நினைத்தேன். விஷயம் நேர்மாறு. நீ ஸ்னாப்ஷாட் எடுத்த நாளோடு 'தோட்டம்' கோப்பு நின்றுவிட்டது. அதற்கப்புறம் நான் தட்டிய ஒவ்வொரு எழுத்தும் அந்த எண் போட்ட கோப்பில்தான் சேர்ந்திருக்கிறது. அதை அழித்தேன். குப்பைத்தொட்டிக்குள் அடங்காத அளவு பெரியது, நிரந்தரமாக அழிக்கவா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன்.

அப்புறம் உள்ளே இருந்த கணினி திறக்கவே இல்லை. மத்தியானம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டாக்சியில் கடைத்தெருவுக்குப் போனேன். கணினி பழுது பார்க்கும் சீனர் சாயங்காலம் வரை போராடினார். அழிந்த இடத்தின் மேல் விண்டோஸ் எதையோ எழுதிவிட்டதாம். கிடைத்த துண்டுகள் திறக்கவில்லை. "சுடா ஹாபிஸ் லா, ஆண்ட்டி" என்றார். முடிந்துபோயிற்று. மிஞ்சியிருந்த 'தோட்டம்' கோப்பை மட்டும் தனியாகத் திறந்து காட்டினார். நீ போவதற்கு முந்திய நாள் அப்படியே இருந்தது, தம்பி. நீ சோதித்துப் பார்க்கத் தட்டிய பெயர்கள் பதினொன்று. முதல் பெயர் உன் அப்பாவுடையது. தொழில் என்ற இடத்தில் 'லோரி, கோபக்காரர்' என்று எழுதி வைத்திருந்தாய். கடைக்காரர் முன்னால் அழக்கூடாது என்று பையில் கண்ணாடியைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

மூலப் புத்தகங்கள் எங்கே என்று கேட்பாய். தட்டி முடித்த புத்தகங்களைக் கரையான் அரித்து, அலமாரிக்கும் ஏற ஆரம்பித்திருந்தது. எல்லாம்தான் கணினியில் இருக்கிறதே என்று கொல்லையில் வைத்து எரித்துவிட்டேன். அன்று அந்த ஆள் எரிக்கச் சொன்னபோது எரிக்காமல் சுமந்து வந்தவள், பிறகு நானே எரித்தேன். எதையும் ஒரே இடத்தில் மட்டும் வைக்காதே என்று நீ பலமுறை சொன்னாய். வெளி டிஸ்க் ஒன்று வாங்கியும் கொடுத்தாய். அது பெட்டி பிரிக்காமல் இருந்தது.

நீ பள்ளியில் நான்காம் படிவம் படித்தபோது நடந்தது நினைவிருக்கிறதா? விளையாட்டுகளாகப் போட்டுக் கணினியை நிரப்பிவிட்டாய் என்ற ஆத்திரத்தில், உன் பெயரில் இருந்த கோப்புறையை முழுசாக அழித்தேன். அதற்குள் நீ போட்டிக்காகச் செய்துகொண்டிருந்த புரோகிராமும் இருந்தது. நீ கத்தவில்லை. இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டாய். அப்பா சொல்லச் சொல்ல நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பெற்றவள் எதற்குக் கேட்க வேண்டும் என்ற திமிர். அன்று நீ எப்படி உட்கார்ந்திருந்தாய் என்பது, அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. இப்போது கேட்கிறேன், தம்பி. மன்னித்துக்கொள்.

வியாழக்கிழமை வரை காத்திருக்கத் துணிவில்லை. அந்தப் புதன்கிழமை இரவே லெட்சுமி வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று சொன்னேன். கணினி கெட்டுவிட்டது என்று சொல்ல வாய் வந்தது. ஆனால், "நான்தான் அழிச்சிட்டேன், லெட்சுமி. தெரியாம அழிச்சிட்டேன்" என்றேன். அவள் கையில் கரண்டியோடு நின்றாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். திட்டியிருந்தால் தேவலை. பிறகு, "நியாலாஸ்ல எங்க சித்தப்பா மவன் முருகையா இருக்காருல்ல, அவருக்குப் போன வருசம் ஒரு பேப்பர் அடிச்சிக் குடுத்தீங்களே. அதுல எங்க லயம் பூரா இருந்துச்சுன்னு சொன்னாரு" என்றாள்.

எனக்கு நினைவே இல்லை. மறுநாள் காலை அவள் வீட்டுக்காரர் காரில் மூவரும் போனோம். முருகையா சாமி மேடைக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தார். மூன்றாவது லயம், ஆயாக் கொட்டகை, ஏழாவது வரி. லெட்சுமி, பெண், தாய் பெயர் அஞ்சலை. அவள் விரலை அந்த வரியில் வைத்து எடுக்கவே இல்லை. "எங்கம்மா பேரு சரியா எழுதியிருக்கீங்க" என்று மட்டும் சொன்னாள். வெள்ளிக்கிழமை நானும் கூடப் போனேன். கணினியில் அடித்த தாளை எப்படி நம்புவது என்று அதிகாரி கேட்டார். அந்தப் பதிவை வைத்திருந்த கிராணி நான்தான் என்று சொல்லி, சத்தியப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். மனுவை வாங்கிக்கொண்டார்கள். பதில் இன்னும் வரவில்லை. ஆனால் இந்தத் தடவை திருப்பிக் கொடுக்கவில்லை. அவள் வாரம் ஒரு தடவை என்னைப் பார்க்க வருகிறாள், பதில் வந்ததா என்று நானும், சாப்பிட்டீர்களா என்று அவளும் கேட்டுக்கொள்கிறோம்.

முருகையா வீட்டிலிருந்து திரும்பும்போதுதான் யோசனை வந்தது. நான் அடித்துக் கொடுத்த தாள்கள் ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒரு உறைக்குள் இருக்கும். போய்க் கேட்டுப் படம் எடுத்து, மறுபடியும் தட்டலாம். எல்லாம் கிடைக்காது. யாருக்கும் அடித்துக் கொடுக்காத பெயர்கள் போனவைதான். அவர்கள் யாராவது வந்து கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாமல் விடியற்காலையில் விழித்துக்கொள்கிறேன். ஆனாலும் போய்க்கொண்டிருக்கிறேன். இதுவரை பத்தொன்பது வீடு. பஸ் போகாத இடத்துக்கு லெட்சுமி வீட்டுக்காரர் கொண்டுபோய் விடுகிறார். சில வீட்டில் டீ, சில வீட்டில் சோறு. புலாவ் செபாங்கில் ஒருவர் என்னை இரண்டு மணி நேரம் உட்காரவைத்து, நான் முப்பது வருஷத்துக்கு முன்னால் அவர் விடுமுறையைத் தப்பாகப் பதிந்ததற்குச் சண்டை போட்டார். நன்றாக இருந்தது.

அந்தச் சீனரிடம் உட்கார்ந்து ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். ஸ்னாப்ஷாட்டைப் பட்டியல் வழியாகத்தான் நீக்க வேண்டும், கையால் கோப்பைத் தொடக்கூடாது. ஸ்கேன் படங்களை உள்ளே போடுவதில்லை, வெளியே வைக்கிறேன். நீ வாங்கித் தந்த டிஸ்கில் வெள்ளிக்கிழமை தோறும் ஒரு நகல். இன்னொரு நகல் லெட்சுமி வீட்டில். அந்தக் கல்யாண வீடியோ இப்போது எதிலும் இல்லை. ஆகவே கணினியைத் தூக்கிப் போட மாட்டேன். புதிதும் வேண்டாம்.

இந்த விஷயத்தில் உனக்கு என் மேல் கோபம் வந்தால் வரட்டும். நீ சொல்லித்தான் அழித்தேன் என்று மட்டும் நினைத்து உன்னை வருத்திக்கொள்ளாதே. அதற்காகத்தான் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன், அதுவும் தப்பு. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்த வீட்டில் உனக்கும் மருமகளுக்கும் பேசாத நாட்கள் வரும். அப்போது எதையாவது பழுதாக்கி அவளைப் பக்கத்தில் வரவைக்காதே. பக்கத்தில் வந்து உட்கார் என்று வாய்விட்டுச் சொல். நான் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியதும் அவ்வளவுதான்: எனக்கு வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை, கொஞ்ச நேரம் பேசு. இரண்டு வருஷம் இடமில்லை, இடமில்லை என்று நான் சொன்னதற்கு அர்த்தம் அதுதான்.

வரும் ஞாயிறு ஜாசின் பக்கம் இரண்டு வீடு பார்க்கப் போகிறோம். நீ கூப்பிடும்போது நான் வீட்டில் இல்லாமல் இருக்கலாம். விட்டுவிடாதே. மறுபடியும் கூப்பிடு.

உன் அம்மா